பொது நிலத்தில் வேட்டை, கையில் கேமரா: எதிர்ப்பு ஏன் வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வேட்டை சட்டப்படி நடக்கிறது, பொது நிலத்தில் படம் எடுக்கவும் தடையில்லை. அப்படியிருக்க, யூடியூப் வேட்டை வீடியோக்களை வேட்டைக்காரர்களே ஏன் இத்தனை கடுமையாக எதிர்க்கிறார்கள்? அந்த வீடியோக்களால் உண்மையில் என்ன கெட்டுப்போகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கெடுதல் இடம் தெரிந்துபோவதால் வருகிறது. அதற்கு அடுத்தது, எல்லோருக்கும் சொந்தமான விலங்கை ஒருவர் தன் வருமானமாக்கிக்கொள்வது. ஆனால் அந்த நிலங்கள் இன்றும் விற்கப்படாமல் இருப்பதற்கு இதே விளம்பரமும் ஒரு காரணம். அதனால் "எல்லாரும் கேமராவை மூட்டை கட்டுங்கள்" என்று சொல்கிறவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடே விசித்திரமாகத் தோன்றும். நம்மூரில் முயல் பிடித்ததை வீடியோவாகப் போட்டால், அதையே சாட்சியாக வைத்து வனத்துறை வழக்குப் போடுகிறது. அமெரிக்காவில் கணக்கு வேறு. கூட்டரசு, அதாவது மத்திய அரசு, கையில் ஏறக்குறைய 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல இருபது மடங்கு. அதில் 24.5 கோடி ஏக்கர் நில மேலாண்மைப் பணியகத்திடமும், 19.3 கோடி ஏக்கர் வனத்துறையிடமும் உள்ளது. இவை பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில். நெவாடாவில் ஐந்தில் நான்கு பங்கு கூட்டரசு நிலம். ஐடஹோ, யூட்டாவில் அறுபது சதவீதத்துக்கு மேல். டெக்சாஸில் இரண்டு சதவீதம்கூட இல்லை. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் வேட்டை கிடையாது. மற்ற பொது நிலத்தில் பெரும்பகுதியில் உண்டு.

நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் திரியும் காட்டு விலங்கு மாநில மக்களின் பொதுச்சொத்து. மாநில அரசு அதன் அறங்காவலர். அரசு தரும் 'டேக்' என்பது ஒரு விலங்குக்கான, ஒரு பருவத்துக்கான, பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கான அனுமதிச் சீட்டு. உள்ளூர்க்காரருக்கு எல்க் மான் டேக் சில பத்து டாலர். வெளி மாநிலத்தவருக்குப் பல நூறு டாலர். பெயர் பெற்ற பகுதிகளில் குலுக்கல்தான். ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் புள்ளிகள் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டிய பகுதிகளும் உண்டு. பெரிய நிலம் வைத்திராத, பணக்காரர் அல்லாத ஒரு மனிதன் உழைப்பை மட்டும் நம்பி ஓர் எல்க் மானை வீட்டுக்குக் கொண்டுவர முடிகிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை. கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இடம் எப்படித் தெரிந்துபோகிறது என்று பார்ப்போம். வீடியோ போடுகிறவர் ஊர் பெயர் சொல்வதே இல்லை. "மேற்கே ஒரு மாநிலம்" என்றுதான் சொல்வார். ஆனால் விழுந்து கிடக்கும் எல்க்கின் கொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் பின்னால் ஒரு மலைமுகடு தெரிகிறது. நடுவில் வெட்டுப்பட்டது போன்ற ஒரு கணவாய், அதன் இடப்பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் எரிந்த காட்டின் சாம்பல் நிறப் பட்டை, கீழே ஒரு சிறு ஏரி. இவ்வளவு போதும். அந்த முகட்டின் கோட்டை முப்பரிமாணச் செயற்கைக்கோள் வரைபடத்தில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுத்தீ நடந்த எல்லைகளின் வரைபடம் பொதுவில் கிடைக்கிறது, அதைக் கொண்டு தேடலைச் சுருக்கலாம். வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு மரப் பலகையின் ஓரம் ஒரு நொடி தெரிந்தால் வேலை முடிந்தது. மொண்டானாவின் மிசூலாவில் 2009-இல் தொடங்கிய ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் எந்தத் துண்டு பொது நிலம், எது தனியார் நிலம், எங்கே நடைபாதை என்று கைப்பேசியிலேயே தெரியும். அடுத்த செப்டம்பரில் அந்தப் பாதை தொடங்கும் இடத்தில் வேறு மாநில எண் பலகையோடு வண்டிகள் நிற்கும்.

அங்கே வில் வேட்டைப் பருவத்தின் ஒரு விடிகாலையை நினைத்துப் பாருங்கள். மணி நாலு. நீங்கள் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கும்போது, மேலே சரிவில் ஏற்கெனவே நாலைந்து விளக்குப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. வெளிச்சம் வரும் நேரத்தில் ஒரு கிடா எல்க் நீளமாகக் கனைக்கிறது. அதற்குப் பதிலாக மூன்று திசையிலிருந்து மனிதர்கள் எல்க் குரலில் ஊதும் கருவிகளின் சத்தம் கிளம்புகிறது. கிடா அடங்கிவிடும். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்க் கனைப்பதையே நிறுத்திவிடும், பிறகு வெளியேறிவிடும்.

அது எங்கே போகிறது என்பதுதான் முக்கியமான விஷயம். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டி மொண்டானாவிலும் யூட்டாவிலும் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒன்றைக் காட்டின: வேட்டை நெருக்கடி கூடும்போது எல்க் கூட்டம் பொது நிலத்தை விட்டு, வேட்டைக்காரர்கள் நுழைய முடியாத தனியார் நிலத்துக்கு நகர்கிறது. வழியை அவை கற்றுக்கொள்கின்றன. வயதான பெண் எல்க்குகள் குட்டிகளை அதே வழியில் கூட்டிப்போகின்றன. இதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைக் கவனியுங்கள். தனியார் பண்ணையில் குவிந்த எல்க் அங்கே உள்ள வைக்கோலையும் மேய்ச்சலையும் தின்று தீர்க்கிறது. பண்ணைக்காரர் மாநில அரசிடம் நஷ்டம் கேட்கிறார், அல்லது ஒரு வேட்டை நிறுவனத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். அங்கே ஒரு வாரம் வேட்டையாட ஆயிரக்கணக்கான டாலர். பொது நிலத்தில் நடக்கிறவனுக்கு விலங்கே கண்ணில் படுவதில்லை. மொத்தக் கணக்கில் மாநிலத்தில் எல்க் அதிகம், கால் வைக்க முடிகிற இடத்தில் எல்க் இல்லை என்ற நிலைமை வருகிறது. நெரிசலைக் குறைக்க அரசு டேக்குகளைக் கட்டுப்படுத்துகிறது. கொலராடோவில் வெளி மாநில வில் வேட்டைக்காரர்கள் எல்க் டேக்கை நேராகக் கடையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம், மாநிலத்தின் பெரும்பகுதியில் முடிந்து, 2025 பருவத்திலிருந்து குலுக்கலுக்கு மாறியது. எந்த வீடியோவைப் பார்த்து ஒருவர் ஆசைப்பட்டாரோ, அதில் காட்டிய வாய்ப்பே அவருக்குக் கிடைக்காமல் போகிறது.

இதற்கெல்லாம் வீடியோ மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஐடஹோவிலும் மொண்டானாவிலும் மக்கள்தொகை வேகமாக ஏறியிருக்கிறது. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் நிறையப் பேர் காட்டுப்பக்கம் வந்தார்கள். கிழக்கு மாநிலங்களில் தனியார் நிலக் குத்தகை விலை ஏற ஏற, அங்கே இடமிழந்தவர்கள் மேற்கே வருகிறார்கள். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் வேட்டைக்காரர்கள் பெருகிவிடவும் இல்லை: கூட்டரசுக் கணக்கெடுப்பில் 1991-இல் 1.41 கோடிப் பேர், 2016-இல் 1.15 கோடிப் பேர். மொத்தம் குறைந்தபோதும் சில இடங்களில் கூட்டம் தாங்க முடியவில்லை. வீடியோவின் பங்கு அங்கேதான்: பரந்து கிடக்கும் நிலத்தில் சிதறிப் போக வேண்டியவர்களை அது ஒரே பள்ளத்தாக்குக்கு, ஒரே வாரத்தில் அனுப்பிவைக்கிறது.

இனி பணம். இது தார்மீகக் கேள்வி, எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் காட்டு விலங்குகளை அழித்தது சந்தைக்காக நடந்த வேட்டை. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை 1880-களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா 1914-இல் முற்றிலும் அழிந்தது. எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1900-ஆம் ஆண்டு லேசி சட்டம் தொடங்கி, காட்டு விலங்கின் இறைச்சியை விற்பதற்கு அடுத்தடுத்து தடை வந்த பிறகுதான் அவை மீண்டன. இன்று எல்க் சுமார் பத்து லட்சம். வேட்டையாடிய விலங்கை உண்ணலாம், பகிரலாம், விற்கக்கூடாது. இந்த நாட்டின் வனவிலங்குக் கொள்கையின் தூண்களில் இது ஒன்று. கறியை விற்கக்கூடாது என்றால், அதே விலங்கு சாகும் காட்சியை விளம்பரத்தோடு விற்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார்கள் எதிர்ப்பவர்கள். எனக்கு இந்தக் கேள்விக்கு எளிதான மறுப்பு தெரியவில்லை.

இந்த வாதத்தை உரக்கச் சொல்கிறவர்களில் முக்கியமானவர் மொண்டானாவில் வாழும் சூழலியல் ஆய்வாளர் மேட் ரினெல்லா. 'சத்தமில்லாமல் வேட்டையாடுங்கள்' என்ற பொருளில் ஓர் இயக்கமே நடத்துகிறார். அவருடைய அண்ணன் தம்பி உறவிலேயே மறுபக்கம் இருக்கிறது: 2012-இல் தொடங்கிய 'மீட்ஈட்டர்' வேட்டை நிகழ்ச்சியின் முகமான ஸ்டீவன் ரினெல்லா இவருடைய உடன்பிறந்தவர். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒன்றாக வேட்டை பழகிய இருவர், வேட்டையை உலகுக்குக் காட்டலாமா என்பதில் பொதுவெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

மறுபக்கத்து வாதமும் வலுவானது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கலால் வரி உண்டு. வில் கருவிகளுக்கும் உண்டு. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. எவ்வளவு என்பது மாநிலத்தின் பரப்பையும் உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உரிமக் கட்டணமும் அந்தத் துறைகளின் உயிர்நாடி. வேட்டைக்காரர்கள் குறைந்தால் பறவைக் கணக்கெடுப்பு முதல் சதுப்பு நிலச் சீரமைப்பு வரை எல்லாவற்றுக்கும் பணம் குறையும். வேட்டையாடுகிற அப்பா இல்லாத வீட்டில் பிறந்த ஒருவருக்கு வீடியோதான் ஆசான்: எல்க்கை எப்படித் தோலுரிப்பது, கறியை எலும்பிலிருந்து பிரித்து எப்படி ஆறவைப்பது, கரடி இருக்கும் காட்டில் இரவு எங்கே தொங்கவிடுவது எல்லாம் அதில்தான் கற்கிறார். நல்ல வீடியோ கறி வீணாவதைத் தடுக்கிறது. இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் கேமரா வேட்டையையே மாற்றிவிடுகிறது. விலங்கு சரியான கோணத்தில் நிற்கிறது, அம்பெய்பவர் தயார். படம் எடுப்பவருக்கு மரக்கிளை மறைக்கிறது, "பொறு" என்கிறார். அந்த ஐந்து நொடியில் விலங்கு ஓரடி திரும்பினால் அம்பு நுரையீரலுக்குப் பதில் வயிற்றில் இறங்கும். வயிற்றில் அடிபட்ட எல்க் மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். பல நேரம் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் காட்சி வீடியோவில் வராது. தப்பிய குறி, காயத்தோடு ஓடிய விலங்கு, வெறுங்கையோடு முடிந்த வாரம் எல்லாம் வெட்டி எறியப்படும். மிச்சமிருப்பதைப் பார்க்கும் புதியவர் நெடுந்தூரத்திலிருந்து சுடுவதை இயல்பு என்று நினைத்துக்கொள்கிறார். சுமந்து இறக்கும் உழைப்பும் அரை நிமிட இசையில் முடிந்துவிடுகிறது. வளர்ந்த கிடா 300 கிலோவைத் தொடும். எலும்பு நீக்கிய கறியே ஒரு மனிதனுக்கு நான்கைந்து நடை சுமை. ஒவ்வொரு நடையும் பல மைல். தெரியாமல் வண்டியிலிருந்து எட்டு மைல் உள்ளே போய்ச் சுட்டுவிட்டு, வெயிலில் கறி கெட்டுப்போக விட்டவர்களைப் பற்றிக் காட்டுக் காவலர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வேட்டையாடாதவர்கள் பார்க்கும்போது என்ன ஆகிறது? அமெரிக்கர்களில் பெரும்பான்மையினர் சட்டப்படியான வேட்டையை, குறிப்பாக உணவுக்கான வேட்டையை ஏற்கிறார்கள். வெற்றிச் சின்னத்துக்காக, கொம்புக்காக என்றால் ஆதரவு பாதிக்கும் கீழே விழுகிறது. சிரித்த முகத்தோடு பிணத்தின் மேல் சாய்ந்த படங்கள் பார்ப்பவரை இந்த இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளுகின்றன. 2018-இல் ஐடஹோ மாநில வனவிலங்கு ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், நமீபியாவில் தான் சுட்ட ஒரு பபூன் குரங்குக் குடும்பத்தின் படத்தை நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அங்கே அது சட்டப்படி நடந்த வேட்டைதான். படம் வெளியே வந்ததும் பதவி விலக வேண்டியதாயிற்று. 2024-இல் வயோமிங்கில் ஒருவர் ஓநாயைப் பனிவண்டியால் அடித்து, வாயைக் கட்டி, உயிரோடு மதுக்கூடத்துக்குக் கொண்டுபோன படம் உலகமெங்கும் பரவியது. அவருக்கு முதலில் விதித்த அபராதம் 250 டாலர். அதை வேட்டை என்றே நான் சொல்லமாட்டேன். ஆனால் பார்த்தவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. பல மேற்கு மாநிலங்களில் வேட்டை விதிகளே மக்கள் வாக்கெடுப்புக்கு வரும். கொலராடோவில் 1992-இல் வசந்தகாலக் கரடி வேட்டை வாக்கெடுப்பில்தான் போனது. 2024-இல் மலைச்சிங்க (பூமா) வேட்டைத் தடை வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அடுத்த வாக்கெடுப்பில் எந்தப் படத்தைக் காட்டுவார்கள் என்று வீடியோ போடுகிறவர்கள் யோசிப்பது நல்லது.

சட்டம் இதில் பெரிதாக உதவாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கூட்டரசு நிலத்தில் வணிக நோக்கில் படமெடுக்க அனுமதியும் கட்டணமும் கேட்டது. கைப்பேசியில் எடுத்து விளம்பரப் பணம் பெறுகிறவருக்கு அது பொருந்துமா என்ற குழப்பம் நீண்டது. 2025 ஜனவரியில் கையெழுத்தான எக்ஸ்புளோர் சட்டம் சிறு குழுக்களுக்கு அந்தத் தேவையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. கருத்துச் சுதந்திரத்தின் கோணத்தில் அது சரியான முடிவுதான். ஆகவே கட்டுப்பாடு என்று வந்தால் அது மாநிலங்களின் வேட்டை விதிகள் வழியாகத்தான் வர முடியும். அதற்கு முன்மாதிரி இருக்கிறது. வறண்ட அரிசோனாவில் ஒரே நீர்நிலையைச் சுற்றிப் பலர் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, அவற்றைப் பார்க்க ஓயாமல் வந்துபோய் விலங்குகளைத் தண்ணீர் குடிக்க விடாமல் செய்தபோது, 2022 ஜனவரி முதல் வேட்டைக்காக அவற்றைப் பயன்படுத்துவதை அந்த மாநிலம் தடை செய்தது. யூட்டாவும் வேட்டைப் பருவத்துக்குத் தடை கொண்டுவந்தது.

இப்போது விளம்பரத்தின் நல்ல பக்கத்துக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் யூட்டாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் 33 லட்சம் ஏக்கர் கூட்டரசு நிலத்தை விற்கச் சொல்லும் மசோதாவைக் கொண்டுவந்தார். சமூக ஊடகத்தில் முதலில் கொதித்தெழுந்தவர்களில் வேட்டைக்காரர்களும் தூண்டில் போடுகிறவர்களும் இருந்தார்கள். சில நாளில், வேட்டை உடையில் நாயோடு நிற்கும் தன் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 2025 ஜூனில் செனட்டர் மைக் லீ, பெரிய வரிச் சட்டத்துக்குள் பொது நில விற்பனையைச் சேர்த்தபோதும் இதுவே நடந்தது. வீடியோக்காரர்கள் வேட்டையை விட்டு வரைபடத்தைக் காட்டிப் பேசினார்கள்: விற்பனைக்குத் தகுதியாகும் நிலம் இது, இங்கேதான் நீங்கள் போன ஆண்டு கூடாரம் போட்டீர்கள் என்று. மாதம் முடிவதற்குள் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. மேற்கு நிலத்தை ஒருமுறைகூட மிதிக்காத ஒரு ஒஹையோக்காரர் தன் செனட்டருக்குத் தொலைபேசியில் பேசினார் என்றால், அந்த நிலத்தை அவர் திரையில் பார்த்து நேசித்திருந்தார் என்பதால்தான்.

வயோமிங்கின் எல்க் மலை வழக்கும் அப்படியே. ரயில் பாதைக் காலத்து நிலப்பங்கீட்டால் அங்கே பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்கள் போல மாறி மாறி இருக்கின்றன. 2021-இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், இரண்டு பொதுக் கட்டங்கள் தொடும் மூலையில் ஏணி வைத்துத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. ஆனாலும் நில உரிமையாளர் வழக்குப் போட்டு, எழுபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றார். நாடெங்கும் செய்தி பரவி வழக்குச் செலவுக்குப் பணம் திரண்டது. அத்துமீறலுக்கான குற்ற வழக்கில் 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. உரிமையாளரின் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. இப்படி மூலைகளால் அடைபட்ட பொது நிலம் மேற்கில் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் கணக்கிட்டிருக்கிறது. நான்கு பேர் அமைதியாக அபராதம் கட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

இந்த இரண்டு பக்கத்தையும் வைத்துத்தான் என் நிலைப்பாடு. நிலம் ஆபத்தில் இருக்கும்போது பெயர், எல்லை, வரைபடம் எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். வேட்டைக்குப் போகும்போது இவற்றில் எதையும் சொல்லக்கூடாது. பல வீடியோக்காரர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்: பள்ளத்தாக்கைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அது விற்பனைக்கு வரும் நாளில், அரசியல் பேசினால் விளம்பரதாரர் போய்விடுவார் என்று மௌனமாகிவிடுகிறார்கள். பணம் பற்றியும் ஒன்று: பொது நிலத்தில் வழிகாட்டியாகத் தொழில் செய்கிறவர் அனுமதி வாங்கி, வருவாயில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டுகிறார். வேட்டை வீடியோவை முழுநேரத் தொழிலாகக் கொண்டவரிடம் மாநில வனவிலங்குத் துறை அதுபோல ஒரு பங்கைக் கேட்பது நியாயம் என்பது என் கருத்து. நண்பர்களுக்காக எடுக்கிறவரைத் தொட வேண்டியதில்லை.

நீங்களே படம் எடுக்கிறவர் என்றால், செய்ய வேண்டியது சிரமமில்லை. கேமராவை மேலிருந்து கீழ்நோக்கிப் பிடியுங்கள், தொடுவானம் படத்துக்குள் வரக்கூடாது. பாதை தொடங்கும் இடம், பலகை, ஏரி, எரிந்த காட்டின் ஓரம், அக்கம்பக்கத்து வண்டிகளின் எண் பலகை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். பகுதி எண்ணைச் சொல்லாதீர்கள். கருத்துப் பெட்டியில் யாராவது கண்டுபிடித்து எழுதினால் அதை நீக்குங்கள். பருவம் முடிந்து சில மாதம் கழித்து வெளியிடுங்கள். அம்பெய்பவர் தயார் என்றால் கேமரா தயாரா என்று கேட்காதீர்கள். கைப்பேசிப் படக்கோப்பில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்திருக்கும். மூலப்படத்தை நண்பருக்கு அனுப்பும் முன் இருப்பிடத் தகவலை அழித்துவிடுங்கள். அவர் நம்பகமானவராக இருக்கலாம். அவர் அதை யாருக்கு அனுப்புவார் என்பது உங்கள் கையில் இல்லை.